தவளைக்குட்டி, வீட்டுக்கு வா

ஆன்சிங்
1997 அக்டோபர் 14

வழிகாட்டி குவான் தெசான் அவர்களுக்கு,

நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். நான் நலமாக இல்லை. அதற்குப் பாதிக் காரணம் நீங்கள் என்பதால் இந்தக் கடிதம்.

என்னை உங்களுக்கு நினைவிருக்காது. தினம் ஒரு பஸ் நிறைய ஆட்களைப் பார்க்கிறவர் நீங்கள். போன மாதக் கடைசியில் ஆன்சிங் முடிதிருத்துவோர் சங்கத்திலிருந்து வந்தோமே, காலையில் அரண்மனை, மத்தியானம் மிங் அரசர் கல்லறை என்று ஒரே நாளில் சுற்றிக் காட்டினீர்களே, அந்தக் கூட்டத்தில் கடைசி வரிசை ஜன்னலோரம் இருந்தவள் நான். பஸ்ஸில் வாந்தி எடுத்தது நான் இல்லை. எனக்குப் பக்கத்தில் இருந்தவள்.

கல்லறைக்குப் போகும் வழியில் ஒலிபெருக்கியில் ஒன்று சொன்னீர்கள். "இப்ப நாம போறது செத்தவங்க வீட்டுக்கு. திரும்பி வரும்போது ரெண்டு தூண் வாசல் ஒண்ணு வரும். ஆம்பளைங்க இடது கால், பொம்பளைங்க வலது கால். மேல இருக்கிற தூசியத் தட்டிட்டு, 'வந்துட்டேன்'னு சத்தமா சொல்லித் தாண்டுங்க. சொல்லாம வந்தா உசிர்ல பாதி அங்கேயே தங்கிடும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க." எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

பூமிக்கு அடியில் அந்தக் கல் மண்டபத்தில் எனக்கு என்ன ஆயிற்றோ தெரியாது. குளிர்ச்சியாக இருந்தது. சுவரில் சாய்ந்துகொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் நம் கூட்டத்தில் ஒருவரையும் காணோம். மேலே ஓடி வந்தால் உங்கள் மஞ்சள் கொடி வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. எந்தக் கால், எந்தத் தூசி என்றெல்லாம் எனக்கு நினைவே வரவில்லை. "நில்லுங்க, போயிடாதீங்க" என்று கத்திக்கொண்டே தாண்டிவிட்டேன். வந்துட்டேன் என்று சொல்லவேண்டிய வாசலில் போயிடாதீங்க என்று கத்தியவள், அந்தக் கல்லறை கட்டிய நாள் முதல் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

அன்றிலிருந்து நான் முழுதாக இல்லை. கத்தரியை எடுத்தால் பாதியில் எங்கோ போய்விடுகிறேன். ஓரத்தை மட்டும் வெட்டச் சொன்ன வாடிக்கையாளர் மொட்டைத் துறவி மாதிரி எழுந்து போனார். சோற்றுக்கு உப்புப் போட்டதை மறந்து மறுபடி போடுகிறேன். பகலிலேயே, கண் திறந்தபடியே, சிவப்புச் சுவர்களுக்கு நடுவில் நடந்துகொண்டிருக்கிறேன். என் மகள் ஷுவாங்குக்குப் பதின்மூன்று வயது. அவள் கத்திக் கூப்பிட்ட பிறகுதான் எனக்குக் காது கேட்கிறது.

நீங்கள் தினம் அந்த வாசலைத் தாண்டுகிறவர். என் பேருக்கு ஒரு 'வந்துட்டேன்' சொல்லிவிடுங்கள். என் நீலத் துணித் தொப்பி ஒன்றும் பஸ்ஸில் போயிற்று. அது போனால் போகட்டும்.

இப்படிக்கு,
லியாவோ மின்யூ


பெய்ஜிங்
1997 அக்டோபர் 23

லியாவோ அக்காவுக்கு,

வணக்கம். உங்களை நினைவில்லாமல் போகுமா? அந்த வாசலில் நின்று என்னைப் பார்த்து "போயிடாதீங்க" என்று கத்திய ஒரே பெண்மணி நீங்கள். என் மனைவிகூட அப்படிக் கத்தியதில்லை. அவள் வியாபாரம் செய்கிறேன் என்று ஷென்ஜென் போனவள் போனவள்தான். 'போயிடாதே' என்று கத்தியது நான்.

தொப்பி கிடைத்தது. எங்கள் டிரைவர் அதை வைத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிடுங்கி, சோப்புப் போட்டுத் துவைத்து வைத்திருக்கிறேன்.

அந்த வாசல் விஷயம், வழிகாட்டிகள் பஸ்ஸில் யாரும் தூங்கிவிடாமல் இருக்கச் சொல்லும் கதை என்று எழுதி இந்தக் கடிதத்தை முடித்துவிடலாம். ஆனால் இத்தனை வருஷத்தில் நான் ஒரு நாள்கூடச் சொல்லாமல் தாண்டியதில்லை. பயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே நேற்று உங்கள் சார்பில் சொன்னேன். அதில் ஒரு சிக்கல். உங்களுக்காகத் தாண்டுவதால் வலது காலா, தாண்டுகிறவன் நான் என்பதால் இடது காலா? யோசித்துக்கொண்டு நின்றால் பின்னால் கூட்டம் நெருக்குகிறது. கடைசியில் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, "லியாவோ மின்யூ வந்துட்டா" என்றேன். என் பின்னால் வந்த ஷான்டோங் விவசாயிகள், இதுதான் முறை போலிருக்கிறது என்று ஒருவர் விடாமல் குதித்தார்கள்.

இப்போது உடம்பு எப்படி இருக்கிறது? எழுதுங்கள்.

குவான் தெசான்


ஆன்சிங்
1997 நவம்பர் 2

குவான் ஐயாவுக்கு,

முதலில், என்னை அக்கா என்று எழுதாதீர்கள். பெய்ஜிங்கில் கண்ணில் படுகிற பெண்ணெல்லாம் அக்கா என்பது எனக்கும் தெரியும். ஆனால் உங்கள் தலையில் பின்பக்கம் எவ்வளவு முடி போயிருக்கிறது என்று அந்த ஒரு நாளிலேயே பார்த்துவிட்டேன். அது என் தொழில். நான் உங்களைவிடச் சின்னவள்.

நீங்கள் குதித்ததைப் படித்து ஷுவாங் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் பார்த்தால், அடுப்பில் தண்ணீர் சுண்டிப் பானை கருகியிருந்தது. பலிக்கவில்லை, ஐயா.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. குழந்தை எங்காவது பயந்து உயிரைத் தொலைத்துவிட்டு வந்தால், அதன் சட்டையை எடுத்துக்கொண்டு தாய் அந்த இடத்துக்கே போவாள். பெயரைச் சொல்லி, வீட்டுக்கு வா, வீட்டுக்கு வா என்று கூப்பிட்டுக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் நடந்து வருவாள். வீட்டில் இருக்கிறவர்கள் குழந்தைக்குப் பதிலாக 'வந்துட்டேன்' என்பார்கள். எனக்குத் தாய் இல்லை. இருந்தால் உங்களைத் தொந்தரவு செய்யமாட்டேன். என் தொப்பி உங்களிடம் இருக்கிறது. இவ்வளவு தூரம் கேட்கலாமா என்று தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

மின்யூ


பெய்ஜிங்
1997 நவம்பர் 11

மின்யூ அவர்களுக்கு,

அக்காவை வாபஸ் வாங்கிக்கொண்டேன். பின்மண்டையைப் பற்றி எழுதியதை மட்டும் மன்னிக்கமாட்டேன். அன்று முழுக்க நான் காட்டிய அரண்மனையைப் பார்க்காமல் அதையா பார்த்தீர்கள்?

உயிரைக் கூப்பிடுவது எங்கள் பக்கமும் உண்டு. கூப்பிடத் தயார். ஆனால் 'லியாவோ மின்யூ' என்று அடையாள அட்டைப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எந்த உயிரும் வராது. போலீஸ் கூப்பிடுகிறது என்று இன்னும் உள்ளேதான் போகும். பால் குடிக்கிற வயதில் வைத்த பெயர் வேண்டும். அந்தப் பால்பெயருக்குத்தான் உயிர் திரும்பிப் பார்க்கும்.

ஒரு பெண்ணிடம் அதைக் கேட்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். தாயும் கட்டினவரும் தவிர வேறு ஆள் அறியக்கூடாத பெயர். நீங்கள் பதில் போடாவிட்டால், கேட்டது தப்பு என்று எடுத்துக்கொள்கிறேன். தொப்பியைத் தபாலில் அனுப்பிவிடுகிறேன்.

இங்கே குளிர்கால முட்டைக்கோஸ் வந்துவிட்டது. முற்றத்தில் எல்லா வீட்டு வாசலிலும் அடுக்கி வைத்து, நடக்க வழியில்லை. எனக்கும் ஒரு அடுக்கு வாங்கினேன். ஒற்றை ஆள் இவ்வளவையும் எப்போது தின்று முடிப்பது?

குவான் தெசான்


ஆன்சிங்
1997 நவம்பர் 28

குவான் ஐயாவுக்கு,

எழுதி எழுதிக் கிழித்தேன். அதனால்தான் தாமதம்.

என் வீட்டுக்காரர் மணல் படகில் வேலை பார்த்தவர். மூன்று வருஷத்துக்கு முன்பு யாங்சி ஆறு அவரைக் கொண்டுபோயிற்று. உடம்பு கிடைக்கவில்லை. அவருடைய ஒரு ஜோடித் துணியைப் புதைத்து மேடு கட்டி, அதற்குத்தான் கும்பிடு போடுகிறோம். அந்தக் கல் மண்டபத்தில் நின்றபோது, ஒரு மனுஷனுக்குப் பூமிக்கு அடியில் இவ்வளவு பெரிய வீடா, என் ஆளுக்கு ஒரு முழம் கிடைக்கவில்லையே என்றுதான் முதலில் தோன்றியது. கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. அவரும் இப்படி ஏதோ ஒரு குளிர்ச்சியில் படுத்திருப்பார், கஷ்டப்படமாட்டார் என்று தோன்றி, மனசு லேசாகிவிட்டது. அங்கிருந்து கிளம்பவே பிடிக்கவில்லை.

"போயிடாதீங்க" என்று உங்கள் கொடியைப் பார்த்துத்தான் கத்தினேன். வாயை விட்டு வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது, அது வேறு ஒருவருக்காக மூன்று வருஷமாக உள்ளே வைத்திருந்த சத்தம் என்று.

நான் பிறந்தது வெள்ளம் வந்த வருஷம். வீட்டுக்குள் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர், தண்ணீர் முழுக்கத் தவளை. எது தவளை, எது பிள்ளை என்று தெரியாத மாதிரி அழுதேனாம். தவளைக்குட்டி என்று வைத்தார்கள். அம்மாவுக்குப் பிறகு அவர் ஒருவர்தான் அப்படிக் கூப்பிட்டார். அவருக்குப் பிறகு யாரும் இல்லை.

சிரிக்கவேண்டும் என்றால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியவா போகிறது?

மின்யூ


பெய்ஜிங்
1997 டிசம்பர் 8

மின்யூவுக்கு,

சிரிக்கவில்லை.

உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும். அந்த மண்டபத்தில் இருக்கும் சிவப்புப் பெட்டிகள் காலி. உள்ளே இருந்தவை எப்போதோ போய்விட்டன; இப்போது இருப்பது பார்வைக்குச் செய்து வைத்தவை. கூட்டத்திடம் அதை நான் அழுத்திச் சொல்வதில்லை. அரசரும் அங்கே இல்லை, மின்யூ. உங்கள் வீட்டுக்காரரைப் போலத்தான் அவரும்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. கொடி இல்லாமல், கூட்டம் இல்லாமல், தொப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். டிக்கெட் கிழிக்கிறவர், "என்ன குவான், இன்னைக்கு உன்கூட யாரையும் காணோம்?" என்றார். ஒரு ஆளைக் கூட்டிப்போக வந்தேன் என்றேன். வாசலுக்கு முன் நின்று கூப்பிட்டேன். "தவளைக்குட்டி, வீட்டுக்கு வா. தவளைக்குட்டி, வீட்டுக்கு வா." இருபது வருஷம் கூட்டத்தைக் கத்திக் கூப்பிட்ட தொண்டை, சைப்ரஸ் மரத்துக் காகமெல்லாம் எழுந்து பறந்தன. ஓய்வு பெற்ற சிச்சுவான்காரர்கள் சிலர் வந்து, என்ன தொலைந்தது என்று கேட்டார்கள். நான் பதில் சொல்வதற்குள் ஒரு தாத்தா குனிந்து வடிகாலுக்குள் தவளையைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

திரும்பிப் பார்க்காமல் வந்தேன். பஸ்ஸில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு முணுமுணுத்தபடியே வந்ததில் பக்கத்திலிருந்தவர் எழுந்து வேறு இடம் போய்விட்டார். அதுவும் நல்லதாயிற்று. ஜன்னலோரம் உங்களுக்குத்தானே பிடிக்கும்?

அறைக்கு வந்து தொப்பியை ஆணியில் மாட்டினேன். அடுப்பில் தண்ணீர் வைத்தேன். அது கொதிக்கும்போதுதான் உறைத்தது. வீட்டுக்கு வா, வீட்டுக்கு வா என்று வழி நெடுகச் சொன்னேனே தவிர, எந்த ஊர், எந்த வீடு என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கூப்பிட்ட உயிர் துணியின் பின்னாலேயே வரும் என்பதுதானே வழக்கம். துணி வந்து சேர்ந்தது என் வீட்டுக்கு.

நீங்கள் இப்போது இங்கேதான் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மன்னித்துவிடுங்கள். பக்கத்து அறை ஜின் அம்மாள் இன்று குழாயடியில் கேட்டாள்: "யாரு வந்திருக்கா? தனி ஆளுக்கு எதுக்கு ரெண்டு கிண்ணம் கழுவற?" அவள் சொல்லும் வரை நானே அதைக் கவனிக்கவில்லை.

குவான்


ஆன்சிங்
1997 டிசம்பர் 9

குவானுக்கு,

உங்கள் கடிதம் இன்னும் வரவில்லை. வரும்வரை பொறுக்க முடியாமல் எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம் வாடிக்கையாளர் யாரும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கனவு கண்டேன். அரண்மனை, ஆனால் ஆளே இல்லை. நீங்கள் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போகிறீர்கள், நான் பின்னால். முற்றத்துக்கு அப்பால் முற்றம், வாசலுக்கு அப்பால் வாசல், முடிகிற வழியாக இல்லை. காலும் வலிக்கவில்லை. அன்றைக்குச் சொன்னீர்களே, சொர்க்கத்தில் பத்தாயிரம் அறை, அதற்குச் சமமாகக் கட்டக்கூடாது என்று அரசர் அரை அறை குறைத்துக் கட்டினார் என்று. "அந்த அரை அறை எங்கே?" என்று கேட்டேன். "அதைத்தான் காட்டப்போறேன்" என்று ஒரு சின்னக் கதவைத் திறந்தீர்கள்.

உள்ளே ஒரு கரி அடுப்பு. ஒரு கட்டில். உடைந்த ஜன்னல் கண்ணாடிக்குப் பழைய செய்தித்தாள் ஒட்டியிருந்தது. வெளியே வானத்தில் யாரோ புல்லாங்குழலை வாயில் வைத்துக்கொண்டு ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் சுற்றிச் சுற்றி வந்தது. "உக்காருங்க, டீ போடறேன்" என்றீர்கள். நாள் முழுக்க அரண்மனையை நின்றுகொண்டே பார்த்தவளை உட்காரச் சொன்ன ஒரே அறை அது. உட்கார்ந்தேன்.

மூன்று வருஷத்தில் நான் அவ்வளவு நிம்மதியாக எங்கும் இருந்ததில்லை. உண்மையைச் சொன்னால், விழித்தபோது அழுகை வந்தது. அரண்மனையில் அப்படி ஓர் அறை இருக்கிறதா?

மின்யூ


பெய்ஜிங்
1997 டிசம்பர் 20

மின்யூவுக்கு,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. இதற்குள் என்னுடையதைப் படித்திருப்பீர்கள். அதனால் அதிகம் விளக்கவேண்டாம். அரண்மனையில் அப்படி அறை இல்லை. செய்தித்தாள் ஒட்டிய ஜன்னல் என்னுடையது. போன வருஷம் கல் பட்டு உடைந்தது, சோம்பேறித்தனத்தால் மாற்றவில்லை. சத்தம் பக்கத்து முற்றத்துப் புறாக்கள். வாலில் சீழ்க்கை கட்டிப் பறக்கவிடுகிறார்கள். உங்கள் கடிதத்தைப் படித்து முடித்து, கட்டிலில் நீங்கள் உட்கார்ந்திருக்கக்கூடிய இடத்தில் உட்காராமல் சுவரோரம் தள்ளி உட்கார்ந்தேன்.

செவ்வாய்க்கிழமை பனி கொட்டியது. கூட்டம் வரவில்லை. வந்தது வீண் போகவேண்டாமே என்று நான் மட்டும் அரண்மனைக்குள் போனேன். தொப்பியையும் எடுத்துப் போனேன். உங்களுக்கு அன்று அவசரமாகக் காட்டியதை எல்லாம் மெதுவாகக் காட்டினேன். தெற்கு வாசலுக்குள் நுழைந்ததும் ஒரு பெரிய முற்றம். பனி விழுந்தால் அதில் தரையும் இல்லை வானமும் இல்லை, நடுவில் கூரைகள் மட்டும் மிதக்கும். செம்பு அண்டாக்களைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தங்கப் பூச்சை யாரோ சுரண்டிய கோடுகள் பனியில் நன்றாகத் தெரியும். கூட்டத்திடம் அங்கே வரலாறு சொல்வேன். உங்களிடம் சொல்லவில்லை. அங்கே ஒரு கிழப் பூனை உண்டு. அண்டாவின் அடியில் படுத்திருந்தது. அதைக் காட்டினேன். பின்பக்கத் தோட்டத்தில் இரண்டு மரம் சாய்ந்து ஒன்றாகிப் போன இடத்தில் கொஞ்சம் நின்றோம். காவலர் வந்து, யாரிடம் பேசுகிறாய் என்றார். பாடம் ஒப்பித்துப் பார்க்கிறேன் என்றேன்.

இருபது வருஷமாகச் சுற்றிக் காட்டுகிறேன். அந்த இடம் அழகு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மின்யூ, எனக்கு உங்களைப் பிடித்திருக்கிறது. நாற்பத்தொன்பது வயதில் இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வரவில்லை. வசந்த விழாப் புத்தாண்டுக்கு ஷுவாங்கையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பிடித்தால் இருந்துவிடுங்கள். பெய்ஜிங்கில் தலை இருக்கிற எல்லோருக்கும் முடியும் இருக்கிறது, என்னைத் தவிர. உயிர் இங்கே இருக்கும்போது உடம்பு மட்டும் அங்கே எதற்கு?

குவான்


ஆன்சிங்
1998 ஜனவரி 6

குவானுக்கு,

எந்த ஊர் என்று சொல்ல மறந்தேன் என்று எழுதியதைப் படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. பெய்ஜிங்காரருக்கு வேறு ஊர் என்று ஒன்று இருப்பதே நினைவிருக்காது. வீடு என்றால் அவர் வீடுதான்.

பனி நாள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். அந்தப் பூனையை நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். ஒரு காது கிழிந்திருந்தது, இல்லையா?

இனி எழுதப்போவதைப் பொறுமையாகப் படியுங்கள். போன வாரம் ஷுவாங்குக்குக் காய்ச்சல். நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு பக்கத்தில்தான் இருந்தேன். அப்படியே பனி பெய்கிற அரண்மனை முற்றத்தில் நடந்துகொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தால் கட்டில் காலி. மழையில் தெருவெல்லாம் ஓடினேன். குழந்தை தானே குடையை எடுத்துக்கொண்டு, தானே நடந்து மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு மருந்துக்கு வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். கூட யார் வந்தது என்று கேட்டிருக்கிறார்கள். "அம்மா ஊர்ல இல்ல" என்றிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை. "அப்பா ஆத்தோட போயிட்டாரு," என்றாள். "நீ எதோட போயிட்டிருக்கம்மா?"

அவள் நெற்றித் துணியை மறுபடி நனைத்துப் போட்டேன்.

அந்த அறையில் உட்கார்ந்திருக்க எனக்கு ஆசைதான். அதை மறைக்கவில்லை. நீங்கள் கேட்டதற்கு என் உயிரில் அங்கே வந்துவிட்ட பாதி சரி என்றுதான் சொல்கிறது. ஆனால் ஷுவாங்கின் பெயர் இந்த ஊர்ப் பதிவில் இருக்கிறது; அதை வேறு ஊருக்கு மாற்ற விடமாட்டார்கள். பள்ளிக்கூடம் இங்கே, பரீட்சை இங்கே, அப்பாவுக்குக் கும்பிடு போடும் மேடும் இங்கே. அவளிடம் இருப்பது நான் ஒருத்தி. அந்த ஒருத்தியிலும் பாதிதான் இருக்கிறது.

இன்னொரு தடவை அந்த வாசலுக்குப் போங்கள். இந்தத் தடவை ஊரைச் சொல்லுங்கள். ஆன்சிங், ஆற்றங்கரை, எண்ணெய் ஆலைச் சந்து. உங்களைத் தவிர யாரிடமும் கேட்க முடியாது என்பதால் உங்களிடமே கேட்கிறேன். இது எவ்வளவு பெரிய உபகாரம் என்று எனக்குத் தெரியும்.

மின்யூ


பெய்ஜிங்
1998 ஜனவரி 17

மின்யூவுக்கு,

ஆமாம், இடது காது.

உங்கள் கடிதம் வந்த அன்றே போயிருக்கவேண்டும். போகவில்லை. உடம்பு சரியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள் அறையிலேயே கிடந்தேன். பிறகு, குடையைப் பிடித்துக்கொண்டு தனியாக மருத்துவமனைக்குப் போகிற பெண் கண் முன்னால் வந்து நின்றாள். அவளை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு தொப்பியை எடுத்துக்கொண்டேன்.

கல்லறையில் காற்று. ஒரு ஈ காக்கை இல்லை. வாசலில் நின்று வாயைத் திறந்தால் உங்கள் ஊர்ப் பெயர் வரமாட்டேன் என்கிறது. 'தவளைக்குட்டி, வீட்டுக்கு வா' என்பதோடு நிறுத்திக்கொண்டால் யாருக்குத் தெரியும்? அந்த ஆசை வந்தது. வந்ததை மறைக்கவில்லை. பிறகு கூப்பிட்டேன். "தவளைக்குட்டி, ஆன்சிங்குக்குப் போ. ஆத்தங்கரை, எண்ணெய் ஆலைச் சந்து. உன் பொண்ணு காத்திட்டிருக்கா, போ." வா என்று கூப்பிடுவதுதான் வழக்கம். போ என்று யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து அதற்கு அதுதான் சொல்.

பஸ்ஸில் வீட்டைத் தாண்டி நேரே தபால் நிலையத்துக்குப் போனேன். வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். அங்கிருந்த பெண் பொட்டலத்தை வாங்கி, உள்ளே என்ன என்று கேட்டாள். தொப்பி என்றேன். மதிப்பு என்ன போடட்டும் என்றாள். அவளே 'பழையது' என்று எழுதி முத்திரை குத்தினாள்.

அறை இப்போது பெரிதாகத் தெரிகிறது. ஜன்னல் கண்ணாடியை மாற்றிவிட்டேன். தொப்பி வந்து சேர்ந்ததும் ஒரு வரி எழுதுங்கள். ஒரு வரி போதும்.

குவான்


ஆன்சிங்
1998 பிப்ரவரி 3

வழிகாட்டி குவான் தெசான் அவர்களுக்கு,

புத்தாண்டு உங்களுக்கு நன்றாக விடியட்டும்.

பொட்டலம் விழாவுக்கு முந்தின நாள் வந்தது. கடையில் கூட்டம், பழைய முடியோடு புது வருஷத்துக்குள் போகக்கூடாது என்று ஊரே வந்து நின்றது. ஷுவாங்தான் பிரித்தாள். தொப்பியை எடுத்து, வாடிக்கையாளர்கள் முன்னாலேயே என் தலையில் முன்பக்கம் பின்பக்கமாக மாட்டிவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "வந்துட்டியா?" என்றாள். அவளே எனக்காகப் பதிலும் சொல்வதாகத்தான் ஏற்பாடு. அதற்குள் நானே சொல்லிவிட்டேன். "வந்துட்டேன்" என்று. சொல்லிவிட்டு இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுததில், நாற்காலியில் இருந்த மீன் வியாபாரி ஒரு பக்கம் மட்டும் வெட்டின தலையோடு காத்திருந்தார்.

இப்போது சோற்றில் உப்பு சரியாக இருக்கிறது. கத்தரி எடுத்தால் கத்தரி, துடைப்பம் எடுத்தால் துடைப்பம். விழாவுக்குக் கோழிச் சாறில் பொரியரிசி போட்டுச் சாப்பிட்டோம். துணி மேட்டுக்குப் போய் அவருக்கும் ஒரு கிண்ணம் வைத்துவிட்டு, இனி வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஷுவாங் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கணக்கில்தான் கொஞ்சம் மந்தம். வசந்தத்தில் டியூஷன் வைக்கவேண்டும்.

நீங்கள் கேட்டது ஒரு வரி. நான் நிறைய எழுதிவிட்டேன். இதற்கு மேல் எழுதமாட்டேன். நீங்களும் எழுதவேண்டாம். உங்கள் கையெழுத்தைப் பார்த்தால் எனக்குச் சிவப்புச் சுவர் தெரிகிறது.

பால்பெயரைத் திருப்பிக் கேட்கவில்லை. கொடுத்தது கொடுத்ததுதான். அதை அறிந்தவர் ஒருவர் இன்னும் உலகத்தில் இருக்கிறார் என்பது எனக்கு ஒரு தைரியம். ஆனால் தினம் அந்த வாசலைத் தாண்டுகிறவர் நீங்கள். விளையாட்டுக்குக்கூட அங்கே நின்று என்னைக் கூப்பிட்டுவிடாதீர்கள். நீங்கள் கூப்பிட்டால் நான் வந்துவிடுவேன். இங்கே ஒருத்தி பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் வீட்டில் இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
லியாவோ மின்யூ